எட்டரை மணி டிபன்: லோ சுகரின் கதையும் சாப்பாட்டு மணியின் கதையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தயக்கங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கி, படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

வரலாறுன்னு சொன்னதும் திண்டுக்கல்காரன் மலைக்கோட்டையைத்தான் காட்டுவான்னு நினைப்பீங்க. இன்னைக்கு கோட்டை இல்லை. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு மாத்திரை அட்டை, ஒரு மெமோ. இந்த மூணும் எங்க அப்பாவோடது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். மில் பேரு, ஆளுங்க பேரு எதுவும் சொல்லக் கூடாதுங்கிற கண்டிஷனோட சரின்னார்.

ஆரம்பத்திலேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. டாக்டர் கிடையாது. இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ நேரத்தை மாத்தவோ வேண்டாம். டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க இந்த எபிசோட் உதவினா போதும்.

ரிங் ஃபிரேம் நின்ன நாள்

அப்பா ஒரு நூல் மில்லுல ஃபிட்டர். திண்டுக்கல்லுல இருந்து வேடசந்தூர் பக்கம் போனா ரோட்டோரம் மில்லா வரும் இல்லையா, அதுல ஒண்ணு. பகல் ஷிப்ட் காலை 6 மணியில இருந்து 2 வரைக்கும். அரை நைட் 2ல இருந்து 10. முழு நைட் 10ல இருந்து மறுநாள் காலை 6. வாரம் மாறினா ஷிப்ட் மாறும்.

அவருக்கு சர்க்கரை வந்து 9 வருஷம் ஆச்சு. சீட்டுல 'காலை, சாப்பாட்டுக்கு முன்'னு எழுதியிருக்கும். அவர் அதை வேதவாக்கா எடுத்துக்கிற ஆளு. பகல் ஷிப்ட்டுனா 5 மணிக்கு மில் பஸ் வந்துடும். அதனால 4:45க்கு மாத்திரை, சர்க்கரை போடாத ஒரு டீ, அப்புறம் பஸ். டிபன் பாக்ஸைத் திறக்கிறது 8:30 இடைவேளையிலதான். வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடிச்சு.

ஒரு நாள் சரியா 8 மணிக்கு ஒரு ரிங் ஃபிரேம் நின்னு போச்சு. ஆர்டர் அவசரம். "அண்ணே, இதை மட்டும் முடிச்சிட்டு சாப்பிடப் போயிடுங்க"ன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கார். இவரும் சரின்னுட்டார். 9 ஆச்சு, 10 ஆச்சு. ஸ்பேனர் ரெண்டு தடவை கை நழுவி விழுந்திருக்கு. கூட நின்ன சின்னப் பையனை, வாழ்க்கையில பேசாத ஒரு கெட்ட வார்த்தையில திட்டியிருக்கார். நாக்கு குழறியிருக்கு.

"வேர்த்துக் கொட்டியிருக்குமேப்பா, அதை வெச்சாவது தெரியலையா?"ன்னு பின்னாடி கேட்டேன்.

"மில்லுக்குள்ள யாருக்குடா வேர்க்காது?"ன்னார்.

அது நிஜம். பஞ்சு இழை அறுந்து போகாம இருக்க ஸ்பின்னிங் ஹாலுக்குள்ள ஈரப்பதத்தை வேணும்னே ஏத்தி வெச்சிருப்பாங்க. உள்ளே எப்பவும் புழுக்கம், எல்லார் சட்டையும் நனைஞ்சிருக்கும். லோ சுகரோட முதல் எச்சரிக்கையே வேர்வைதான். அந்த ஹாலுக்குள்ள அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

10:40 மணிக்கு சூப்பர்வைசர் அவரைப் பார்த்துட்டு, "என்னண்ணே, காலையிலேயே போட்டுட்டு வந்துட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கார். கேட்டுக்கு அனுப்பிட்டாங்க. கேட் பக்கத்துல கேன்டீன். அங்க இருந்த அக்காவோட அம்மாவுக்கு சர்க்கரை உண்டு. அந்த அக்கா பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணியில சர்க்கரையைக் கரைச்சுக் குடிக்க வெச்சிருக்காங்க. கால் மணி நேரத்துல அப்பா அப்பாவா ஆயிட்டார். ஆனா அதுக்குள்ள ரெஜிஸ்டர்ல ஒரு வரி ஏறிடுச்சு: 'போதையில் பணிக்கு வந்தார்.' அன்னைக்குச் சம்பளம் கட். மறுநாள் மெமோ.

வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத மனுஷன். எனக்கு வாட்ஸ்அப்ல மெமோவை போட்டோ எடுத்து அனுப்பி, "தம்பி, இதுக்கு ஒரு பதில் எழுதிக் கொடு. அம்மாகிட்ட சொல்லாத"ன்னு ஒரு வாய்ஸ் நோட். குரல் நடுங்குச்சு.

அந்த ஒரு பக்க பதிலுக்காக நான் தேட ஆரம்பிச்சேன். கேள்வி ரொம்ப சிம்பிள். மாத்திரையை ஒழுங்காப் போட்டவர், வேலையை ஒழுங்காப் பார்த்தவர். தப்பு எங்க நடந்துச்சு? தேடப் போனா ரெண்டு வரலாறு கிடைச்சுது. ஒண்ணு மாத்திரையோடது, இன்னொண்ணு சாப்பாட்டு இடைவேளையோடது. ரெண்டும் தனித்தனியா வளர்ந்திருக்கு. ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கவே இல்லை.

முயலுக்கு வந்த வலிப்பு

முதல் வரலாறு கனடாவுல, டொரான்டோவுல ஆரம்பிக்குது. 1921ல ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களோட கணையத்துல இருந்து ஒரு சாறு எடுக்கிறாங்க. 1922 ஜனவரி 11ஆம் தேதி, லியோனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்கு அந்த மாதிரிச் சாறை ஊசியா போடறாங்க. முதல் ஊசி பெருசா வேலை செய்யல. ஜேம்ஸ் காலிப்ங்கிற உயிர்வேதியியல் நிபுணர் சாறைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, ஜனவரி 23ல போட்ட ஊசி வேலை செஞ்சுது. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

அதிகம் பேசாத பகுதி காலிப்போட முயல்கள். சாறு எவ்வளவு வீரியமா இருக்குன்னு பார்க்க அதை முயலுக்குப் போட்டுப் பார்த்தார். சில முயல்களுக்கு திடீர்னு வலிப்பு வந்துச்சு, அப்படியே மயங்கி விழுந்துச்சு. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்துக்கிச்சு. சர்க்கரை ஏறினா ஆபத்துங்கிறது அதுவரை தெரிஞ்ச விஷயம். மருந்தால அது இறங்கியும் ஆளைச் சாய்க்கும்னு மருத்துவ உலகத்துக்குக் காட்டினது இந்த முயல்கள்தான். இன்னொரு விஷயம் கேளுங்க. இன்சுலினை இன்னைக்கும் 'யூனிட்' கணக்குல சொல்றோம் இல்லையா, அந்த யூனிட்டை ஆரம்பத்துல எப்படி வரையறுத்தாங்கன்னா, பட்டினி போட்ட முயலோட சர்க்கரையை வலிப்பு வர்ற அளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து வேணுமோ அந்த அளவை வெச்சுத்தான். மருந்தோட அளவுகோலே லோ சுகர்தான்.

அதனால மனுஷங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச முதல் வருஷத்திலேயே டாக்டர்கள் உஷாரா இருந்தாங்க. ஊசி போட்டா சாப்பிடணும், கையில ஆரஞ்சு ஜூஸோ மிட்டாயோ இருக்கணும். லோ சுகர் வந்தவர் குடிகாரர் மாதிரி தெரிவார்ங்கிறதும் சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. 'நான் சர்க்கரை நோயாளி, போதையில் இல்லை'ன்னு சொல்ற அட்டையைப் பையில வெச்சுக்கிற பழக்கம் மேலை நாடுகள்ல வந்துச்சு. அதாவது அப்பாவுக்கு நடந்தது புதுசு இல்லை. ஏறக்குறைய 100 வருஷமா தெரிஞ்ச குழப்பம் அது. எங்க மில் கேட்டுக்கு மட்டும் இன்னும் வந்து சேரல.

டைஃபாய்டு மருந்துல இருந்து வந்த மாத்திரை

அப்பா போடறது ஊசி இல்லை, மாத்திரை. அதோட கதை 1942ல, போர்க்காலத்து பிரான்ஸ்ல, மாண்ட்பெலியே நகரத்துல ஆரம்பிக்குது. மார்செல் ஜான்பான்ங்கிற டாக்டர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது சல்ஃபா மருந்து கொடுத்துப் பார்க்கிறார். எதிர்பாராத மாதிரி சிலருக்கு வலிப்பு, மயக்கம். சிலர் இறந்தும் போனாங்க. போர்க்காலம், பலர் சரியான சாப்பாடு இல்லாதவங்க. பரிசோதிச்சுப் பார்த்தா சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கு.

ஜான்பான் இதை அகஸ்ட் லூபாத்தியேர்ங்கிற ஆராய்ச்சியாளர்கிட்ட சொல்றார். அவர் நாய்கள்ல சோதிச்சு, கணையம் இருந்தாத்தான் இந்த மருந்து சர்க்கரையை இறக்குது, கணையத்தை எடுத்துட்டா ஒண்ணும் ஆகறதில்லைன்னு காட்டினார். அதாவது மருந்து கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே விட வைக்குது. 1950களின் நடுவுல ஜெர்மனியிலும் இதே மாதிரி ஒரு சல்ஃபா மருந்து சர்க்கரையை இறக்குறதைக் கவனிச்சாங்க. 1956ல டோல்புடமைடு மாத்திரையா கடைக்கு வந்துச்சு. 1969ல கிளிபென்கிளமைடு. நம்ம ஊர்ல 'டயோனில்'னு பெரியவங்க சொல்றது அதைத்தான். 1990கள்ல கிளைமிபிரைடு. அப்பா அட்டையில இருக்கிறது இதுதான், மெட்ஃபார்மினோட சேர்த்து. இந்தக் குடும்பத்துக்கு சல்ஃபோனைல்யூரியான்னு பேரு.

கவனிச்சீங்களா? இந்த மருந்தைக் கண்டுபிடிச்சதே லோ சுகர் வந்த, சரியா சாப்பிடாத நோயாளிகளைப் பார்த்துத்தான்.

எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம பாஷையில சொல்றேன். கணையத்துல பீட்டா செல்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்துல சர்க்கரை ஏறினா அந்த செல்லோட சுவர்ல இருக்கிற பொட்டாசியம் கதவு மூடும், இன்சுலின் வெளியே வரும். சர்க்கரை இறங்கினா கதவு திறந்துக்கும், இன்சுலின் குறையும். பக்காவான ஈவென்ட் டிரிவன் சிஸ்டம். சல்ஃபோனைல்யூரியா என்ன பண்ணும்னா, அந்தக் கதவைத் தானே மூடிடும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு கேக்காது. கிரான் ஜாப் மாதிரி. டேட்டா வந்துச்சோ இல்லையோ, நேரம் ஆனா ஜாப் ஓடிடும். 4:45க்கு மாத்திரை போட்டா, 8:30க்கு டிபன் வரும்னு அதுக்குத் தெரியாது. வராமப் போனாலும் தெரியாது.

மெட்ஃபார்மின் அப்படி இல்லை. 1957ல பாரிஸ்ல ஜான் ஸ்டெர்ன்ங்கிற டாக்டர் அதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தினதை வெளியிட்டார். அது கணையத்தை விரட்டுறதில்லை. அதனால தனியாப் போட்டா லோ சுகர் வர்றது அபூர்வம். சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி பின்னாடி வந்த மருந்துகளும் தனியா இருந்தா அந்த அளவுக்கு இறக்காது. அதனால, 'சுகர் மாத்திரை போடறேன்'னு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிறது பத்தாது, எந்த மாத்திரைன்னு தெரியணும். அப்பாவுக்கு 9 வருஷமா தெரியாது. எனக்கும் தெரியாது. மகனா அதைச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு.

பெரம்பூர்ல ஒரு சாப்பாட்டு மணி

இப்போ ரெண்டாவது வரலாறு. டொரான்டோவுல இன்சுலின் வர்றதுக்கு 4 வருஷம் முன்னாடி, 1918. இடம் சென்னை பெரம்பூர். பின்னி கம்பெனியோட பக்கிங்காம், கர்நாடிக் மில்லுகள். அங்க வேலை செஞ்சவங்களோட முக்கியமான குறை ஒண்ணு, மத்தியான இடைவேளை. அரை மணி நேரம்தான். அதுக்குள்ள வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, திரும்பப் போயி மெஷின் முன்னாடி நிக்கணும். லேட்டானா கேட் மூடிடும். இந்த மாதிரி குறைகளைப் பேச ஆரம்பிச்ச கூட்டங்கள்தான் 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கமா ஆச்சு. தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க.வும் கூட நின்னார். இந்தியாவுல முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு இதைத்தான் சொல்றாங்க. அதோட தொடக்கக் கதையில சோத்து நேரம் இருக்கு. எனக்கு இதைப் படிச்சப்போ அப்பாவோட டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு.

சட்டம் மெதுவா நகர்ந்துச்சு. 1911 சட்டம் பஞ்சாலையில ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம்னு வரம்பு வெச்சுது. 1922 திருத்தம் அதை 11 மணி நேரமா, வாரத்துக்கு 60 மணி நேரமா குறைச்சுது. இன்சுலின் ஊசி போட்ட அதே 1922. அடுத்த வருஷம் மே 1ஆம் தேதி சென்னை கடற்கரையில சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1934 சட்டத்துல 10 மணி நேரம். 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 9 மணி நேரம், வாரத்துக்கு 48.

திண்டுக்கல்லுக்கும் இதுல பங்கு உண்டு. பேகம்பூர் பக்கம் தோல் பதனிடுற தொழில், சுருட்டு, பூட்டுன்னு உழைப்பாளிகள் ஊர் இது. தோல் தொழிலாளிகள் நேரத்துக்கும் கூலிக்கும் மரியாதைக்கும் போராடின கதையை வெச்சு டி. செல்வராஜ் எழுதின 'தோல்' நாவலுக்கு 2012ல சாகித்ய அகாடமி விருது கிடைச்சுது. நம்ம ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அதைத் தேடிப் படிங்க.

ரெண்டு 1948

ரெண்டு வரலாறும் கிட்டத்தட்ட மோதிக்கிற ஒரு வருஷம் இருக்கு. அது 1948.

அந்த வருஷம் டெல்லியில தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறுது. அதோட 55ஆவது பிரிவு சொன்னது இதுதான்: தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல யாரையும் வேலை வாங்கக் கூடாது, அதுக்குள்ள குறைஞ்சது அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கணும். அதே வருஷம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிக்கிறார். 1954ல ராயபுரத்துல இதுக்குன்னே ஒரு தனி மருத்துவமனை கட்டுறார். நம்ம நாட்டுல சர்க்கரை நோய் மருத்துவத்துக்கு முன்னோடி அவர். பின்னி மில் இருந்த பெரம்பூரும் ராயபுரமும் ஒரே வட சென்னைதான், சில கிலோமீட்டர் தூரம்.

ஆனா சட்டம் எழுதினவங்க கையில அன்னைக்கு இந்த மாத்திரை கிடையாது. அது 8 வருஷம் கழிச்சு, 1956லதான் வருது. 5 மணி நேரம்ங்கிற கணக்கு, ஒரு ஆரோக்கியமான உடம்போட களைப்பை வெச்சுப் போட்ட கணக்கு. உள்ளே ஒரு மாத்திரை இன்சுலினைத் தள்ளிக்கிட்டு இருக்கிற உடம்பு அந்தக் கணக்குல இல்லை.

இப்போ அப்பாவோட நாளை மறுபடி பாருங்க. வேலை ஆரம்பம் 6 மணி. அவரை வெளியே அனுப்பினது 10:40. இடைவெளி 4 மணி 40 நிமிஷம். சட்டப்படி 11 மணி வரைக்கும் மில்லு மேல குத்தமே இல்லை. டாக்டர் எழுதின சீட்டும் சரி. அப்பாவும் ரூல்ஸை மீறல. ஆனா மாத்திரை போட்டது 4:45. உடம்போட கடிகாரப்படி 6 மணி நேரம் ஆகப் போகுது. எல்லாரும் சரியா இருந்தும் ஒருத்தர் விழுந்துட்டார். நான் தேடின தப்பு இங்கதான் இருந்துச்சு. சீட்டு எழுதின மேஜையில ஷிப்ட் நேரத்தை யாரும் கேக்கல. ஷிப்ட் போட்ட மேஜையில மாத்திரையைப் பத்தி யாரும் கேக்கல.

இது ஒரு அப்பாவோட பிரச்சினை மட்டும் இல்லை. 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வின்படி நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கு. அவங்கள்ல நிறைய பேர் ரிட்டயர் ஆகி வீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க இல்லை. ஜவுளிக்கடையில நிக்கிறாங்க, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குறாங்க, பஸ் ஓட்டுறாங்க, டெலிவரி பாய்னு பைக்ல சுத்துறாங்க. நம்ம ஐடி பசங்களும் இதுல உண்டு. ரிலீஸ் நைட்ல 'இந்த ஒரு பக் முடிச்சிட்டு சாப்பிடலாம்'னு எத்தனை தடவை சொல்லியிருப்போம்? சூப்பர்வைசர் அப்பாகிட்ட சொன்ன அதே வாக்கியம்தான்.

சமீப வருஷங்கள்

தமிழ்நாட்டுல ரெண்டு பக்கமும் அசைவு இருக்கு. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்குச்சு. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிற திட்டம். அதே 2021 செப்டம்பர்ல கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு சட்டத் திருத்தம் வந்துச்சு. நாள் முழுக்க நின்னுக்கிட்டே துணி மடிச்சவங்களுக்கு உட்காரும் உரிமை. கேரளா இதை 2018லயே செஞ்சிருந்துச்சு.

2023 ஏப்ரல் 21ல எதிர்த் திசையிலயும் ஒண்ணு நடந்துச்சு. 12 மணி நேர வேலைக்கு வழி விடுற தொழிற்சாலைத் திருத்த மசோதா சட்டசபையில நிறைவேறுச்சு. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்தாங்க. ஏப்ரல் 24ல நிறுத்தி வெச்சு, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். அந்த நேரத்து விவாதத்துல ஓவர்டைம், குடும்பம், தூக்கம் எல்லாம் பேசினோம். ஷிப்ட் நீளும்போது மாத்திரை என்ன ஆகும்னு நானும் அப்போ யோசிக்கல.

மருத்துவப் பக்கமும் பாடம் கத்துக்கிச்சு. 1993ல வந்த டிசிசிடி ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சா கண், கிட்னி, நரம்பு பாதிப்பு குறையும்னு காட்டுச்சு. கூடவே, இறுக்கிப் பிடிச்சவங்களுக்குக் கடுமையான லோ சுகர் ஏறக்குறைய 3 மடங்குன்னும் காட்டுச்சு. 2013ல உலக சுகாதார நிறுவனம் தன்னோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல கிளிகிளசைடைச் சேர்த்து, 60 வயசுக்கு மேல கிளிபென்கிளமைடு ஏத்தது இல்லைன்னு குறிச்சுது. ஏன்னா அது உடம்புல நீண்ட நேரம் நிக்கும். கிட்னி கொஞ்சம் தளர்ந்தா இன்னும் நேரம் நிக்கும். உங்க வீட்டுப் பெரியவங்க அட்டையில இன்னைக்கே அந்தப் பேரைத் தேடிப் பாருங்க. இருந்தா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

கையில என்ன வெச்சுக்கணும்

இப்போ வேலைக்கு உதவற விஷயம். டாக்டர்கள் பொதுவா சொல்றதை ஒழுங்கா தொகுத்துச் சொல்றேன்.

சர்க்கரை 70க்குக் கீழ போனா லோ. 54க்குக் கீழ போனா சீரியஸ். அறிகுறி வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி. அதைத் தாண்டினா காரணமில்லாத கோபம், குழறல், தடுமாற்றம், மயக்கம். அடிக்கடி லோ ஆகறவங்களுக்கு முதல் கட்ட அறிகுறியே தெரியாமப் போயிடும், நேரா குழறல்தான்.

வந்தா 15 கிராம் அளவுக்கு வேகமா ஏறுற சர்க்கரை. தண்ணியில கரைச்ச மூணு டீஸ்பூன் சர்க்கரை, இல்லைன்னா குளுக்கோஸ் பவுடர். 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பார்க்கணும். ஏறலைன்னா இன்னொரு தடவை. சாக்லேட், கடலை மிட்டாய், பிரியாணி எல்லாம் அந்த நிமிஷத்துக்கு உதவாது, கொழுப்பு இருக்கிறதால மெதுவாத்தான் ஏறும். திண்டுக்கல்காரனா பிரியாணியைப் பத்தி இப்படிச் சொல்ல வேண்டியிருக்கு, மன்னிச்சுக்கோங்க.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. மாத்திரையில வோக்லிபோஸ் இல்லைன்னா அகார்போஸ் கலந்திருந்தா, அது சாதாரண சர்க்கரை உடையறதையே தாமதப்படுத்தும். அவங்களுக்குக் குளுக்கோஸ்தான் வேணும். மூணு மருந்து சேர்ந்த மாத்திரை போடறவங்க அட்டையைத் திருப்பிப் பாருங்க.

சர்க்கரை ஏறினதும் கதை முடியல. மாத்திரை இன்னும் உள்ளே வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், திரும்ப இறக்கலாம். அதனால உடனே சாப்பாடு. வயசானவங்க, கிட்னி பிரச்சினை உள்ளவங்க தெளிஞ்ச பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆள் நினைவில்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்குப் போன் பண்ணுங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது மூணு. என் மாத்திரை பசியோட இருந்தாலும் சர்க்கரையை இறக்குமா? என் ஷிப்ட் இந்த நேரம், நான் நிஜமா சாப்பிடறது இந்த நேரம், மாத்திரையை எப்போ போடணும்? முழு நைட் முடிச்சு வந்து பகல் முழுக்கத் தூங்குற வாரத்துக்கு என்ன பண்ணணும்? 'சாப்பாட்டுக்கு முன்'னா சாப்பாட்டை ஒட்டி முன்னாடி. பஸ்ஸுக்கு முன்னாடி இல்லை.

மெமோவுக்குப் பதில்

கடைசியில பதில் எழுதினோம். ஒரு பக்கம்தான். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டியது, எத்தனை மணி வரைக்கும் சாப்பிடல. கூட டாக்டர் கடிதம் ஒண்ணு. முயல், மாண்ட்பெலியே எல்லாம் முதல் டிராஃப்ட்ல இருந்துச்சு. அப்பா படிச்சுட்டு, "தம்பி, இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?"ன்னு அடிச்சுட்டார். அதான் உங்ககிட்ட சொல்றேன்.

ரெஜிஸ்டர்ல அந்த வரி அடிபடல. அதுக்குக் கீழே 'மருத்துவக் காரணம்'னு ரெண்டு வார்த்தை சேர்த்தாங்க. அன்னைக்குச் சம்பளம் திரும்ப வரல. டாக்டர் மாத்திரை நேரத்தை மாத்திக் கொடுத்துட்டார். இப்போ மாத்திரை டிபன் பாக்ஸுக்குள்ள போகுது, 8:30க்கு மூடியைத் திறக்கும்போதுதான் போடறார். சட்டைப் பையில குளுக்கோஸ் பொட்டலம். கேன்டீன் அக்கா கல்லாப் பக்கத்துல ஒரு சர்க்கரை டப்பா வெச்சிருக்காங்களாம், யாரும் கேக்காம எடுத்துக்கலாம். அன்னைக்கு 'போட்டுட்டு வந்தீங்களா'ன்னு கேட்ட சூப்பர்வைசர் இப்போ 8:30 ஆனா, "அண்ணே, டிபன்"னு அவரே வந்து சொல்றார். அவருக்கும் வீட்டுல ஒரு அப்பா இருக்கார், அதே மாத்திரை.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. இந்த எபிசோட் வந்ததும் தெரிஞ்சிடும். அம்மா, கேட்டீங்கன்னா என்னைத் திட்டிக்கோங்க, அப்பாவை விட்டுடுங்க.

உங்க டீம்ல, கடையில, ஷிப்ட்ல யாரு இந்த மாத்திரை போடறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அவங்க திடீர்னு எரிஞ்சு விழுந்தா, 'சாப்பிட்டீங்களா?'ன்னு முதல்ல கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நேரத்துக்குச் சாப்பிடுங்க மக்களே, வணக்கம்.